முதல் வீடு: இரண்டு அறையை வாடகைக்கு விட்டுத் தவணை கட்ட நினைக்கிறோம். கடன், வரி எப்படி?

புதுச்சாவி

வணக்கம். எனக்கு வயது 33, மனைவிக்கு 31. இருவரும் சிங்கப்பூரர்கள், இருவருக்கும் இதுதான் முதல் வீடு. மாதச் சம்பளம் எனக்கு 3,600 வெள்ளி, அவருக்கு 2,600. கார் கடன், கல்விக் கடன் எதுவும் இல்லை. ஈசூனில் ஒரு நாலறை (கூடமும் மூன்று படுக்கையறையும்) மறுவிற்பனை வீடு பார்த்திருக்கிறோம். விலை 580,000 வெள்ளி. மாஸ்டர் ரூமை நாங்கள் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு அறைகளையும் தலா 1,000 வெள்ளிக்கு வாடகைக்கு விட யோசனை.

தெரிய வேண்டியவை:

அந்த 2,000 வெள்ளியை வருமானமாகக் காட்டிக் கடனைக் கூட்டிக் கேட்க முடியுமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடனா, வங்கிக் கடனா? வாடகைக்கு எவ்வளவு வருமான வரி வரும்? அறை வாடகைக்கு விட்டால் சொத்து வரி ஏறிவிடும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? வாங்கியவர்கள் கட்டாயம் குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான 5 ஆண்டு முடியும்வரை அறையை விடவே கூடாது என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?

---

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. இனிமேல் வரப்போகும் வாடகையை யாரும் வருமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாடகை வருமானத்தை வங்கி கணக்கில் சேர்க்க வேண்டுமானால், முத்திரைத் தீர்வை கட்டிய வாடகை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும், அதில் இன்னும் 6 மாதமாவது மீதி இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். நீங்கள் இன்னும் சாவியே வாங்கவில்லை. ஆகவே உங்கள் கணக்கில் வாடகை பூஜ்யம். இந்தப் புள்ளியிலிருந்துதான் திட்டத்தையே தொடங்க வேண்டும்.

இப்போது எண்கள். வீவக வீட்டுக்கு மாதத் தவணை, குடும்பத்தின் மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இதைத்தான் எம்எஸ்ஆர் என்கிறோம். 6,200-இல் 30 விழுக்காடு 1,860 வெள்ளி. வீவக கடனின் உண்மை வட்டி 2.6 விழுக்காடு. ஆனால் தகுதியைக் கணக்கிடும்போது 3 விழுக்காடு என்று வைத்துப் பார்ப்பார்கள். 25 ஆண்டுக்கு 1,860 வெள்ளித் தவணை தாங்கும் கடன் ஏறக்குறைய 392,000. விலையில் 75 விழுக்காடு, அதாவது 435,000 வரை கடன் உண்டு என்று பலர் நினைத்துக்கொண்டு இருப்பார்கள். உங்களுக்கு அந்தக் கதவுக்கு முன்பே 392,000-இல் வேலி வந்துவிடுகிறது. இடைவெளி 43,000.

வங்கியில் இதைவிடக் குறையும். அவர்கள் தகுதி பார்க்கும் வட்டி குறைந்தது 4 விழுக்காடு. அதே 25 ஆண்டுக்கு 352,000 சொச்சம்தான் வரும். "அப்படியானால் 30 ஆண்டாக நீட்டிக்கொள்கிறேன்" என்று தோன்றும். வீவக வீட்டுக்கு வங்கிக் கடன் 25 ஆண்டைத் தாண்டினால் உச்சவரம்பு 75-இலிருந்து 55 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 580,000-இல் 55 விழுக்காடு 319,000. நீட்டப் போய்க் கடன் சுருங்கும். முகவர்கள் சிலர் இதைச் சொல்வதில்லை.

எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு (டிடிஎஸ்ஆர்) உங்களுக்குத் தடையே இல்லை, வேறு கடன் இல்லாததால். வேறு பெரிய கடன் இல்லாதவர்களுக்கு வீவக வீட்டில் எம்எஸ்ஆர்தான் முதலில் இடிக்கும்.

இடைவெளியை அடைக்க வாடகையை எதிர்பார்க்காதீர்கள், மானியத்தைப் பாருங்கள். இருவரும் முதல்முறை வாங்கும் சிங்கப்பூரர்கள் என்றால், நாலறை வரையிலான மறுவிற்பனை வீட்டுக்கு மசேநி (மத்திய சேமநிதி) வீட்டு மானியம் 80,000. அதோடு மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம்: உச்சம் 120,000, வருமானம் ஏற ஏறக் குறையும், மாத வருமானம் 9,000-க்குமேல் போனால் கிடையாது. அதற்கு இருவரில் ஒருவராவது விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் அருகாமை மானியம் 20,000. பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்தால் 30,000. ஆனால் அந்த 30,000-ஐ வாங்கினால் ஓர் அறை அவர்களுக்கு. வாடகைக்கு விட ஒன்றுதான் மிஞ்சும். 10,000 கூடுதல் மானியத்துக்காக ஆண்டுக்கு 12,000 வாடகையை இழப்பது உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலிலேயே பேசி முடிவெடுங்கள். (அப்பா அம்மாவைக் கூட வைத்துக்கொள்வதைக் காசுக்கணக்கில் பார்ப்பதா என்பது வேறு விஷயம்.)

மானியம் எல்லாம் மசேநி சாதாரணக் கணக்குக்குத்தான் போகும், கையில் வராது. வீட்டை விற்கும்போது அதை வட்டியோடு சேர்த்து உங்கள் மசேநிக்கே திருப்ப வேண்டும்.

வாங்கும்போது முத்திரை வரி: முதல் 180,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000-க்கு 2, அதற்குமேல் 10 லட்சம் வெள்ளி வரை 3. உங்களுக்கு 1,800 + 3,600 + 6,600, சரியாக 12,000 வெள்ளி. சிங்கப்பூரர்களுக்கு முதல் வீடு என்பதால் கூடுதல் முத்திரை வரி இல்லை.

முதல் வேலை: வீவக இணையவாசலில் ஹெச்எஃப்இ கடிதத்துக்கு விண்ணப்பியுங்கள். கடன் தொகை, மானியம், வாங்கும் தகுதி மூன்றும் அதில் எழுதி வரும். கடிதம் 9 மாதத்துக்குச் செல்லுபடியாகும். அது கையில் இல்லாமல் விற்பவரிடம் வாங்கும் உரிமைப் பத்திரத்தை (பேசிய விலைக்கு வீட்டை உங்களுக்கென ஒதுக்கிவைக்கும் ஓடிபி) வாங்கக்கூடாது.

---

நாலறை_நாயகி

மேலே சொன்னதோடு ஒன்று. 580,000 என்பது விற்பவர் கேட்கும் விலை. வீவக மதிப்பு அதுதானா என்பது உரிமைப் பத்திரம் கிடைத்தபிறகு, மறு வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்குக் கேட்டால்தான் தெரியும். மதிப்பு 565,000 என்று வந்தால், மேலுள்ள 15,000 முழுதும் ரொக்கம். மசேநியும் ஆகாது, கடனும் ஆகாது. உரிமைப் பத்திரத்துக்கு முதலில் கொடுக்கும் கட்டணம் 1,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. வாங்குவதை உறுதிசெய்து அதை நடைமுறைப்படுத்தும்போது கொடுப்பதையும் சேர்த்து 5,000-க்குள். உங்களுக்கு 21 நாள் அவகாசம். மதிப்பு இறங்கி வந்து ரொக்கம் இல்லையென்றால் அந்த முதல் கட்டணத்தோடு விலகிக்கொள்ளலாம். அதனால் முதல் கட்டணத்தைச் சிறியதாகப் பேசுங்கள்.

ஈசூனில் அந்த பிளாக்கில் இனக் கோட்டாவையும் பாருங்கள். இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்கு ஒரு பிளாக்கில் 15 விழுக்காடு, பேட்டையில் 12. நிரம்பியிருந்தால் அதே பிரிவைச் சேர்ந்த விற்பனையாளரிடமிருந்துதான் நீங்கள் வாங்க முடியும். நாளை நீங்கள் விற்கும்போது வேறு இனத்தவரின் கோட்டா நிரம்பியிருந்தால் அவர்களுக்கு விற்க முடியாத சிக்கல் உங்களுக்கு வரலாம். வாங்குபவர் கூட்டம் சிறியதாக இருக்கும். அறை வாடகைக்கு இந்தக் கோட்டா கிடையாது.

---

வரிக்காரன்_பீஷான்

வரிப் பகுதி என் தொழில். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சொத்து வரி. நீங்கள் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு அறையை மட்டும் விட்டால், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கான குறைந்த விகிதமே தொடரும். ஏறாது. 2025 முதல், ஆண்டு மதிப்பில் (வீட்டை விட்டால் ஓராண்டுக்கு வரக்கூடிய வாடகையின் மதிப்பீடு) முதல் 12,000-க்கு வரி இல்லை, அடுத்த 28,000-க்கு 4 விழுக்காடு. உங்கள் வீட்டின் ஆண்டு மதிப்பு 13,200 என்று வைத்துக்கொள்வோம். 1,200-க்கு 4 விழுக்காடு, ஆண்டுக்கு 48 வெள்ளி. இதே வீட்டை முழுதாக விட்டுவிட்டு நீங்கள் வேறிடம் போனால் முதல் 30,000-க்கும் 12 விழுக்காடு, அதாவது 1,584 வெள்ளி. ஏறிவிடும் என்று சொன்னவர் இந்த இரண்டாவதை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார்.

அடுத்து வருமான வரி. வாடகை முழுதுக்கும் வரி இல்லை. செலவைக் கழித்த மிச்சத்துக்குத்தான். கழிக்க இரண்டு வழி. ஒன்று, உண்மையான செலவை ரசீதோடு காட்டுவது: சொத்து வரி, தீக்காப்புறுதி, பழுதுபார்ப்பு, பராமரிப்புக் கட்டணம் போன்றவை. இன்னொன்று, மொத்த வாடகையில் 15 விழுக்காட்டைச் செலவு என்று எடுத்துக்கொள்வது. இதற்கு ரசீது வேண்டாம். எந்த வழியில் போனாலும் வீட்டுக் கடன் வட்டியைத் தனியாகக் கழிக்கலாம். வட்டியை மட்டும்தான், அசலை அல்ல. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் முழுத் தவணையையும் கழித்துவிட்டுப் பிறகு விளக்கம் எழுதுகிறார்கள். மசேநிக்குத் திருப்ப வேண்டிய வட்டியும் கழிவில் சேராது, அது கடன் வட்டி அல்ல.

வீட்டில் ஒரு பகுதியை மட்டும் விடுவதால் வட்டியையும் அந்தப் பங்குக்கே கழிக்க வேண்டும். அறைக் கணக்கிலோ பரப்பளவுக் கணக்கிலோ நியாயமாகப் பிரித்து, எல்லாச் செலவுக்கும் அதே அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 392,000 கடன், 2.6 விழுக்காடு, 25 ஆண்டு: மாதத் தவணை சுமார் 1,778. முதல் ஆண்டு வட்டி சுமார் 10,058. மூன்று படுக்கையறையில் இரண்டு வாடகைக்கு என்பதால் அதில் மூன்றில் இரண்டு பங்கு, 6,705. ஆண்டு வாடகை 24,000. 15 விழுக்காடு 3,600. கழித்தால் 13,695 மிச்சம். கூட்டு உரிமையாளர்கள் என்றால் ஆளுக்குப் பாதி, 6,847.

உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 43,200. மசேநி 8,640-ஐயும் வருமானக் கழிவு 1,000-ஐயும் எடுத்தால் 33,560. மனைவிக்கு 31,200-இலிருந்து 6,240, 1,000 போக 23,960. போனஸ், மற்றக் கழிவுகள் எதையும் சேர்க்கவில்லை. இந்த அடுக்கில் வாடகையால் கூடும் வரி உங்களுக்கு 254 வெள்ளி, மனைவிக்கு 149. ஆக 24,000 வாடகைக்கு 403 வெள்ளி. இதைக் கண்டு யாரும் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. ஆண்டுகள் போகப் போக வட்டி குறையும், கழிவும் குறையும், வரி மெல்ல ஏறும்.

கழிக்க முடியாதவை: முதல் வாடகைதாரரைப் பிடிக்கக் கொடுத்த முகவர் தரகு, விளம்பரம். முதன்முதலில் வாங்கிப் போட்ட கட்டில், அலமாரி, குளிர்சாதனம். அதே கட்டில் உடைந்து வேறு வாங்கினால் அதை உண்மைச் செலவு வழியில் கழிக்கலாம். வீட்டு வாடகையில் நட்டம் வந்தாலும் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது.

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை உண்டு. 4 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. ஓர் அறை 1,000 வீதம் ஓராண்டு 12,000, தீர்வை 48 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள். வழக்கமாக வாடகைதாரர் கட்டுவார். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. அந்தத் தீர்வை கட்டுவது உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். வாடகை வருவது அவர்களுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அறிவிக்காமல் விட்டது கவனக்குறைவு என்று வந்தாலே, குறைந்துபோன வரியில் 200 விழுக்காடு வரை அபராதம். மின்தாக்கல் கடைசி நாள் ஏப்ரல் 18. தாள்களை 5 ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.

---

தேக்கா_தேத்தண்ணி

5 ஆண்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. முழு வீட்டை விடத்தான் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும். மூவறை, அதற்குமேற்பட்ட வீடுகளில் படுக்கையறையைச் சாவி வாங்கிய மாதத்திலிருந்தே விடலாம், நீங்கள் உள்ளே குடியிருக்கும்வரை. முக்கிய நிபந்தனை, வாடகைதாரர் குடிவருமுன் வீவகவின் அனுமதி வாங்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்தால் போதும்.

"குடியிருப்பது" என்பதற்கு நிஜமாகவே குடியிருப்பது என்று பொருள். மாஸ்டர் ரூமைப் பூட்டி, உள்ளே இரண்டு சட்டையைத் தொங்கவிட்டு, அம்மா வீட்டில் தூங்குவது இதில் சேராது. வீவக அதிகாரிகள் சொல்லாமல் வந்து பார்ப்பார்கள். பிடிபட்டால் எச்சரிக்கையிலிருந்து அபராதம், கடைசியில் வீட்டையே கட்டாயமாகத் திரும்ப எடுத்துக்கொள்வதுவரை போகும்.

கூடத்தைத் தடுத்து ஒரு நாலாவது அறை உண்டாக்கி விடுவது கூடாது. வீவக கட்டிக் கொடுத்த படுக்கையறைகளை மட்டுமே விடலாம். ஒவ்வொரு வாடகைக் காலமும் குறைந்தது 6 மாதம். ஒரு மாதம், இரண்டு வாரம், சுற்றுப்பயணி எல்லாம் கிடையாது. உச்சமாக ஒரு விண்ணப்பத்துக்குச் சிங்கப்பூரர், மலேசியர் என்றால் 3 ஆண்டு, மற்ற வெளிநாட்டினர் இருந்தால் 2 ஆண்டு.

ஆள் எண்ணிக்கையில் உங்களையும் சேர்த்துத்தான் கணக்கு. மூவறை முதல் வழக்கமான வரம்பு 6 பேர். 2024 ஜனவரி 22 முதல் நாலறை, அதற்குமேற்பட்ட வீடுகளுக்குத் தற்காலிகமாக 8 ஆக்கினார்கள். தற்காலிகச் சலுகையை நம்பித் தவணைக் கணக்குப் போடாமல், 6-ஐ வைத்தே போடுங்கள். நீங்கள் இருவர், அறைக்கு ஒருவர் அல்லது இருவர்.

இன்னொரு முக்கியமான இடம், வாடகைதாரரின் அனுமதி அட்டை. அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள், பிறகு மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் செல்லுபடியாகிறதா என்று சரிபாருங்கள். விண்ணப்பிக்கும் நாளில் அனுமதி குறைந்தது 6 மாதம் மீதி இருக்க வேண்டும். கட்டுமானம், கப்பல்பட்டறை, செயல்முறை (எண்ணெய், ரசாயன ஆலைகள் போன்றவை) ஆகிய துறைகளில் வேலை அனுமதியில் இருக்கும் மலேசியர் அல்லாதவர்களுக்கு வீவக வீட்டில் இடம் கொடுக்கக்கூடாது. நம் ஊர்க்காரர் என்று பரிதாபப்பட்டுச் சேர்ப்பது இங்கேதான் வினையாகும். அனுமதி காலாவதியான ஒருவரைத் தங்கவைத்தது தெரிந்தால் குடிநுழைவுச் சட்டப்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 6,000 வெள்ளி வரை அபராதம். "எனக்குத் தெரியாது" என்பது, சோதித்ததற்கு ஆதாரம் இருந்தால்தான் செல்லும். அட்டையின் நகல், சரிபார்த்த பக்கத்தின் படம், தேதி மூன்றையும் எடுத்து வையுங்கள்.

---

புதுச்சாவி

எல்லாருக்கும் நன்றி. இன்னும் சில. (1) மனைவிக்கு வரி குறைவு என்பதால் வீட்டின் பங்கை அவர் பேரில் கூட்டி எழுதினால் லாபமா? (2) வாடகை 2,000, தவணை 1,778. ஆக வீடு தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? (3) என் நண்பர் இரட்டைச் சாவிக் கூட்டுரிமை வீடு (தனியார் காண்டோ) வாங்கு, அதுதான் வசதி என்கிறார்.

---

வரிக்காரன்_பீஷான்

(1) வாடகை வருமானம் பத்திரத்தில் உள்ள பங்குப்படிதான் பிரியும். யார் வாடகையை வாங்குகிறார், யார் தவணை கட்டுகிறார் என்பதற்கு மதிப்பில்லை. கூட்டு உரிமை என்றால் சரிபாதி. 13,695 முழுவதையும் மனைவி பேரிலேயே ஏற்றினால்கூட மொத்த வரி 389. இப்போது 403. ஆண்டுக்கு 14 வெள்ளி மிச்சம், தேக்காவில் இரண்டு பிரியாணிக்குக் காணுமா என்பதே சந்தேகம். அதற்காகக் கூட்டு உரிமையை விடாதீர்கள். கூட்டு உரிமையில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவருக்கு வீடு நேராகப் போய்ச் சேரும். தனித்தனிப் பங்கு என்றால் உயில், வாரிசு என்று அலைய வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை

(2) தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வீடு என்று ஒன்று இல்லை. ஒருவர் போய் அடுத்தவர் வர ஒவ்வொரு அறையும் ஆண்டில் இரண்டு மாதம் காலியாக இருந்தால் வாடகை 20,000. மாதச் சராசரி 1,667. அதிலிருந்து முகவர் தரகு (ஓராண்டு ஒப்பந்தத்துக்கு வழக்கம் அரை மாத வாடகை), மின்சாரம், தண்ணீர், இணையம், குளிர்சாதனச் சுத்தம் எல்லாம் போக வேண்டும். மின்கட்டணத்தை வாடகைக்குள் அடக்கினால் ஒரு வரம்பு வைத்து எழுதுங்கள். "மாதம் இத்தனை வெள்ளிக்குமேல் போனால் பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்று. இல்லையென்றால் இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடும்.

நான் பார்ப்பது வேறு கணக்கு. வாடகையே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 வயது வரை சம்பளத்தில் 23 விழுக்காடு மசேநி சாதாரணக் கணக்குக்குப் போகிறது. 6,200-இல் அது 1,426. தவணை 1,778. கையிலிருந்து 352 போட்டால் போதும். அப்படியானால் இந்த வீட்டை நீங்கள் வாங்கலாம். வாடகை இல்லாமல் தாங்கும் வீடு என்பதுதான் எனக்கு அளவுகோல். 35 தாண்டியதும் சாதாரணக் கணக்குக்கு 21 விழுக்காடு ஆகும். உங்களுக்கு அது இரண்டு வருடத்தில் வருகிறது, குழந்தை வந்தால் ஓர் அறை போகும். அதையும் சேர்த்தே யோசியுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு: தவணையை முழுதும் மசேநியிலிருந்து எடுக்க விட்டுவிட்டு, வாடகையைச் செலவழித்துவிடுவார்கள். வீட்டை விற்கும்போது எடுத்த மசேநியையும் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியையும் சேர்த்துத் திருப்பினால் கையில் ரொக்கம் ஒன்றும் நிற்காது. வாடகையில் ஒரு பகுதியைத் தவணைக்குப் போடுங்கள், ஆறு மாதத் தவணையளவு தனியாகச் சேருங்கள். மறுவிற்பனைக்குச் சாதாரணக் கணக்கைக் காலி செய்யும்போதும் ஆளுக்கு 20,000 வரை மீதி வைத்துக்கொள்ள வீவக அனுமதிக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

வீவக கடனா வங்கியா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிலையில் வங்கி தரும் தொகை போதவே போதாது, அதனால் கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. பொதுவாகச் சொன்னால், வங்கியில் விலையின் 5 விழுக்காடு கட்டாயம் ரொக்கம் (580,000-க்கு 29,000). வீவகவில் 25 விழுக்காட்டையும் மசேநியில் கொடுக்கலாம். வங்கியில் 2, 3 ஆண்டுப் பூட்டுக்காலம், முன்கூட்டி அடைத்தால் வழக்கமாக 1.5 விழுக்காடு தண்டம். வீவகவில் எப்போது வேண்டுமானாலும் தண்டமில்லாமல் கூடுதலாக அடைக்கலாம். 2022 கடைசியில் வங்கிகளின் நிலையான வட்டியே 4 விழுக்காட்டைத் தாண்டியது. வீவக 2.6-லேயே நின்றது. வங்கி வட்டி கீழே இறங்கினால் பிறகு மாறிக்கொள்ளலாம், ஆனால் வங்கிக்குப் போனவர் வீவக கடனுக்குத் திரும்ப முடியாது. வழி ஒருபக்கம்தான்.

---

நாலறை_நாயகி

(3)-க்கு: இரட்டைச் சாவி வீடு வசதிதான். வாசலைத் தாண்டியதும் தனிக் கதவோடு ஒரு சிறு பகுதி, அங்கே வாடகைதாரர் தன் குளியலறை, சிறு சமையலிடத்தோடு இருப்பார். பத்திரம் ஒன்றுதான், முத்திரை வரி கணக்கிலும் ஒரே வீடு. தனியார் வீட்டுக்கு எம்எஸ்ஆர் இல்லை, 55 விழுக்காடு டிடிஎஸ்ஆர்தான். குறைந்தபட்ச வாடகைக் காலமும் 3 மாதம். ஆனால் 6,200 சம்பளத்தில் 55 விழுக்காடு என்று பார்த்தாலும் 3,410 தவணை. அந்தத் தவணையைக் கட்டிவிட்டு எதைச் சாப்பிடுவீர்கள்? வீவக மானியமும் போய்விடும், 5 விழுக்காடு ரொக்கமும் வேண்டும். 2025 ஜூலை 4 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதை 4 ஆண்டுக்குள் விற்றால் விற்பனையாளர் முத்திரை வரி வேறு: முதல் ஆண்டு 16 விழுக்காடு, பிறகு 12, 8, 4. உங்கள் நண்பரின் சம்பளத்துக்கு அது சரியாக இருக்கலாம்.

பிடிஓ (வீவக விற்கும் புது வீடு) பக்கம் திரும்பினால் ஒன்றை மறக்காதீர்கள். பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குக் குடியிருப்புக் காலம் 10 ஆண்டு. அதற்குப் பிறகும் முழு வீட்டை விடவே முடியாது. அறை விடலாம். ஈரறை ஃபிளெக்ஸியில் அறைகூட விட முடியாது.

---

தேக்கா_தேத்தண்ணி

கடைசியாக ஒப்பந்தம் பற்றி. ஓராண்டுக்கு ஒரு மாத வாடகை முன்பணம் வழக்கம். குடிவரும் நாளில் சுவர், மெத்தை, குளிர்சாதனம், கதவுப்பூட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து, பொருள்பட்டியலில் இருவரும் கையெழுத்திடுங்கள். பூட்டின் எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கும். சமையலறையை எந்த நேரம் பயன்படுத்தலாம், விருந்தினர் இரவு தங்கலாமா, அறையை வேறொருவருக்கு மறுபடி விடக்கூடாது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 2 ஆண்டுக்கு உட்பட்ட குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் முன்பணத் தகராறைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம், 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் வேண்டாம்.

முகவர் வைத்தால், வீவக வீட்டு வாடகையில் வாடகைப் பணத்தையோ முன்பணத்தையோ அவர் கையில் வாங்கக்கூடாது. வாடகைதாரர் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடட்டும். அதுவே பிறகு வரிக்காரன் அண்ணன் கேட்கும் கணக்குப் புத்தகமும் ஆகிவிடும்.

---

புதுச்சாவி

ஹெச்எஃப்இ-க்கு இன்று விண்ணப்பித்துவிட்டேன். கடிதம் வந்ததும் மானியத் தொகையை இங்கே போடுகிறேன், கணக்குப்பிள்ளை அண்ணா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவிடம் அந்த 30,000 வெள்ளிப் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.